சித்தப்பாவின் மெலடோனின் டப்பா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருந்துறையிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகள் தூக்கத்துக்குப் போடும் மெலடோனின் மாத்திரை ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவருக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாகத் தூக்கமும் சரியில்லை. "டப்பா மேல ஆன்டிஆக்சிடன்ட்னு போட்டிருக்குது கண்ணு. சர்க்கரைக்கும் நல்லதுன்னு வாட்ஸ்அப்புல வேற வந்துச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தி போடோணுமா, பொறகா?"

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். அவர் கேட்டது ஒரு வரி, எனக்குப் பதில் சொல்ல முக்கால் மணி நேரம் பிடித்தது. அன்றைக்கு அங்கும் இங்குமாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஆன்டிஆக்சிடன்ட் என்றால் என்ன என்பதை முறுக்கிலிருந்து தொடங்கலாம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் நாலைந்து மட்டும் டப்பாவின் அடியில் தங்கி, கார்த்திகை தீபத்தன்று கண்ணில் படும். வாயில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். முறுக்கில் பூஞ்சை எதுவும் பிடித்திருக்காது, நமத்தும் போயிருக்காது. எண்ணெயில் உள்ள கொழுப்பை ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. முறுக்குக்கு நடந்தது அங்கேயும் நடக்கும். கொழுப்பு இப்படிக் கெடும்போது உண்டாகும் மலோன்டைஆல்டிஹைடு என்ற பொருளை ரத்தத்தில் அளக்கலாம். உடம்பு எந்த அளவுக்குக் 'காறிப்போகிறது' என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் அளப்பதில் அதுவும் ஒன்று.

இந்தச் சங்கிலியைத் தொடங்கி வைப்பவைதான் ஃப்ரீ ராடிக்கல்கள். கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும் ஒருவருக்கு ஒற்றைச் செருப்புதான் கிடக்கிறது, இன்னொன்றைக் காணோம். மனுஷர் அவசரத்தில் இருக்கிறார், பக்கத்து ஜோடியிலிருந்து ஒன்றை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்து வருபவருக்கு ஒற்றைச் செருப்பு. அவரும் அதையே செய்கிறார். மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கப் பார்ப்பவை. ஒற்றை எலக்ட்ரானோடு நிற்பது அந்த அவசரக்காரர். பக்கத்தில் இருப்பது கொழுப்போ, புரதமோ, டிஎன்ஏவோ, அதற்குக் கவலையில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் யார்? "இந்தாங்க, என்னுதைப் போட்டுட்டுப் போங்க" என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து போகிற புண்ணியவான். அவர் இன்னொருவர் செருப்பைத் தேடுவதில்லை. சங்கிலி அவரோடு அறுந்துவிடுகிறது.

நம் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாவது நோய் அல்ல. மூச்சுவிடும் எல்லா உயிர்களிலும் அவை உண்டாகின்றன. நோய்க்கிருமிகளைக் கொல்ல வெள்ளையணுக்கள் அவற்றை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. வரவு செலவைவிட மிஞ்சும்போதுதான் தொந்தரவு. அந்த நிலைக்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று 1985-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ்.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கே சித்தப்பாவுக்குப் புரியும்படி ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் கான்கிரீட் போடும் நாளையே எடுத்துக்கொண்டேன். கீழே மிக்சர் மெஷின். அங்கிருந்து மாடி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கை மாறி மாறி மேலே போகும். நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் இப்படி ஒரு வரிசை இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள் கை மாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகின்றன. வழியில் கிடைக்கும் சக்தியில்தான் நாம் நடமாடுகிறோம்.

கீழே மிக்சர்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார் என்று வையுங்கள். மேலே கொட்டுகிறவரால் அதே வேகத்தில் கொட்ட முடியவில்லை. வரிசையின் நடுவில் நிற்பவர் கையில் ஏற்கெனவே ஒரு சட்டி இருக்க, இன்னொன்று வந்து நிற்கிறது. கை தவறுகிறது. சிந்துகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, செல்லுக்குள்ளும் ஏறினால் இதேதான். நடுவழியில் சிந்தும் எலக்ட்ரானைப் பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கலாக மாறிவிடுகிறது. சர்க்கரை நோயின் பல பாதிப்புகளுக்கும் இந்தச் சிந்தலே பொதுவான மூலம் என்று 2001-ல் வாதிட்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன்லீ. இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். தசை செல் போன்றவை சர்க்கரை அதிகமானால் உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். விழித்திரையின் ரத்தக்குழாய், சிறுநீரகத்தின் வடிகட்டி, நரம்பு ஆகியவற்றின் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. வெளியே எவ்வளவு சர்க்கரையோ உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. சர்க்கரைக்காரர்களுக்குக் கண், கிட்னி, பாதம் மூன்றையும் டாக்டர் விடாமல் பார்ப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சர்க்கரை இன்னொரு வழியாகவும் வேலையைக் காட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஏன் பழுப்பாகிறது? சூட்டில் பாலின் புரதத்தோடு சர்க்கரை ஒட்டிக்கொள்வதால். இந்த வினையை 1912-ல் விவரித்த பிரெஞ்சுக்காரர் மையார் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். நம் ரத்தத்திலும் அதே வினை அடுப்பில்லாமல், மெதுவாக நடக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி அளப்பது, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருப்பதால் மூன்று மாதக் கணக்கு அதில் பதிவாகிவிடுகிறது. இப்படிச் சர்க்கரை ஒட்டி முற்றிப்போன புரதங்கள் தம் பங்குக்கு மேலும் ராடிக்கல்களைக் கிளப்பிவிடும்.

இத்தனைக்கும் எதிராக உடம்பு சும்மா இருப்பதில்லை. சூப்பர்ஆக்சைடை ஒரு என்சைம் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதைக் கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற இரண்டு என்சைம்கள் தண்ணீராக்கும். பெராக்சைடைப் புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அந்த நுரை உங்கள் கேட்டலேஸ் வேலை செய்வதன் அடையாளம். தண்ணீராக்குவதற்குள் அங்கே இரும்பு அயனி கிடைத்துவிட்டால் பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். மண்டப வாசலில் இவரைப் போல முரட்டு ஆள் கிடையாது. எந்தச் செருப்பு கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துவிடுவார்.

இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்லில் இந்த இரண்டு என்சைம்களும் மிகக் குறைவு. கல்லீரலோடு ஒப்பிட்டால் ஏழை வீடுதான். சர்க்கரை ஏறினால் பீட்டா செல் அடிவாங்கும், பீட்டா செல் அடிவாங்கினால் சர்க்கரை இன்னும் ஏறும்.

அப்புறம் மெலடோனின்

இதன் கதை தவளைத் தோலில் ஆரம்பிக்கிறது. மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியின் சாற்றைக் கொடுத்தால் தவளைக் குஞ்சுகளின் தோல் வெளுக்கிறது என்பது 1917-லேயே தெரியும். ஏல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவரான ஆரன் லெர்னர், வெண்புள்ளி போன்ற நிறக் கோளாறுகளுக்கு இதில் துப்பு கிடைக்குமா என்று தேடினார். ஆயிரக்கணக்கான மாடுகளின் பினியல் சுரப்பிகளை வாங்கி அரைத்து வடித்து, 1958-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். தோல் நிறத்தைத் தரும் மெலனினிலிருந்து பாதி, மூளையில் செய்தி கடத்தும் செரடோனினிலிருந்து பாதி என்று எடுத்து மெலடோனின் எனப் பெயர் வைத்தார். மனிதத் தோலுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. தூக்கத்தோடுதான் அதன் பெயர் நிலைத்தது.

பினியல் மூளையின் நடுவில் இருக்கிறது, பட்டாணி அளவுகூடத் தேறாது. பருப்பு, பால், முட்டையில் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் முதலில் செரடோனினாகி, பிறகு மெலடோனினாக மாறுகிறது. மாற்றும் வேலை இருட்டில்தான் நடக்கும். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சில செல்கள் உண்டு, நீல வெளிச்சம் அவற்றுக்கு நன்றாக உறைக்கும். வெளிச்சம் இருக்கிறது என்று அவை மூளையின் கடிகாரத்துக்குச் சொன்னால், கடிகாரம் பினியலை நிறுத்தி வைக்கும். பொழுது சாய்ந்து, படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மெலடோனின் ஏறத் தொடங்கும். விடியற்காலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள் உச்சம். விடிந்தால் வடிந்துவிடும்.

கோவை, ஈரோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு தெரியும். சங்கு யாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேலை வாங்காது. மணியைச் சொல்லும், அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். மெலடோனினின் முதல் வேலை இதுதான். ராத்திரி ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது என்று உடம்பு முழுக்க ஊதுவது.

இது செருப்பு கொடுக்கும் புண்ணியவானும்கூட என்பது பிற்பாடு வந்த செய்தி. 1993-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ரஸ்ஸல் ரைட்டரின் குழு, சோதனைக்குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி ஹைட்ராக்சில் ராடிக்கல்களை உண்டாக்கியது. அவற்றைப் பிடிப்பதில் உடம்பின் பேர்போன ஆன்டிஆக்சிடன்டான குளுட்டாதயோனைவிட மெலடோனின் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ஒரு ராடிக்கலைப் பிடித்துத் தானும் உருமாறிய பிறகு, அந்த உருமாறிய பொருளும் இன்னொரு ராடிக்கலைப் பிடிக்கிறது என்றும் அடுத்தடுத்துக் கண்டார்கள். பெரும்பாலான ஆன்டிஆக்சிடன்ட்கள் தண்ணீரில் கரைபவை, அல்லது கொழுப்பில் கரைபவை. மெலடோனின் இரண்டு பக்கமும் போகும். சவ்வைத் தாண்டும், மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் நுழையும். சட்டி சிந்துகிற இடத்துக்கே போய் நிற்கக்கூடிய ஆள் என்று ஆர்வம் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

அடுத்து எலிகள். அலோக்ஸான் என்ற ரசாயனத்தை ஊசி போட்டால் எலியின் பீட்டா செல்கள் ராடிக்கல் தாக்கி அழிந்து, சர்க்கரை நோய் வந்துவிடும். மெலடோனினும் சேர்த்துக் கொடுத்தால் சேதம் குறைகிறது. குறைந்துபோன என்சைம்கள் மீண்டும் கூடுகின்றன, மலோன்டைஆல்டிஹைடு இறங்குகிறது. இப்படிப்பட்ட ஆய்வுகள் ஏராளம். வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் பெரும்பாலும் இவற்றின் சாரம்தான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இதில் மூன்று உறுத்தல்கள்.

முதலாவது சாதாரணக் கூட்டல் கழித்தல். இரவு உச்சத்தில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் மெலடோனின் சுமார் 100 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்தால் அது ஒரு பிகோகிராம். செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோனை இதோடு வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மெலடோனின் மூலக்கூறுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான குளுட்டாதயோன் மூலக்கூறுகள் வருகின்றன. மாத்திரை போட்டு ரத்தத்தில் மெலடோனின் 100 மடங்கு ஏறினாலும் 20,000-க்கு ஒன்று. ஹைட்ராக்சில் ராடிக்கலோ கைக்கெட்டியதைப் பறிக்கிற ஆசாமி. அத்தனை பெரிய கூட்டத்தில் அந்த ஒரு புண்ணியவானைத் தேடிப் போய்ச் செருப்பு வாங்குவாரா? மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மெலடோனின் ரத்தத்தைவிட அதிகம் சேர்கிறது என்று ரைட்டர் தரப்பு பதில் சொல்லும். அதில் விஷயம் இருக்கிறது. ஆனாலும் கூட்டம் கூட்டம்தானே.

சங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சங்கு ஊதி ஆயிரம் பேரை வேலைக்கு அனுப்பலாம். மெலடோனின், செல்லில் தகவலை வாங்கிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் உட்கார்ந்து, ராடிக்கல்களை அடக்கும் என்சைம்களைக் கூடுதலாகத் தயாரிக்கச் சொல்லித் தகவல் அனுப்புகிறது. இதற்குக் கொஞ்சம் மெலடோனினே போதும். டப்பாவில் போட்டிருக்கும் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற சொல்லுக்கு உடம்பில் ஏதாவது அர்த்தம் இருந்தால் அது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது உறுத்தல், எலியின் ஜாதகம். எலி ராத்திரியில் ஓடியாடித் தின்கிற பிராணி. மெலடோனின் அதற்கும் ராத்திரியில்தான் ஏறுகிறது. ஒரே சங்குதான், ஆனால் எலிக்கு அது சாப்பாட்டு மணி, நமக்குப் பாய் விரிக்கும் மணி. சாப்பாடும் இன்சுலினும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில் இந்தத் தலைகீழ் சின்ன வித்தியாசம் இல்லை. இதைவிட வேடிக்கை, ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சி57பிஎல்/6 ரகச் சுண்டெலிக்கு மெலடோனின் தயாரிக்கும் திறனே மிகக் குறைவு. சங்கே இல்லாத மில்.

மூன்றாவது, ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்து நோயை விரட்டலாம் என்று முன்பே பெரிய அளவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஹோப் என்ற ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, ஒரு பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ மாத்திரை சுமார் நாலரை வருடம் கொடுத்தார்கள். அதில் சர்க்கரைக்காரர்கள் ஏராளம். 2000-ல் முடிவு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. சோதனைக்குழாயில் வைட்டமின் ஈயும் தங்கமான ஆன்டிஆக்சிடன்ட்தான்.

மனிதர்களில் பார்த்தபோது

ஈரானில் சர்க்கரையும் இதயநோயும் சேர்ந்த 60 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 10 மில்லிகிராம் மெலடோனின் 12 வாரம் கொடுத்தார்கள். ரத்தத்தில் குளுட்டாதயோன் கூடியது, மலோன்டைஆல்டிஹைடு குறைந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரையும் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் 60 பேர், 12 வாரம். ரத்தத்தில் ஒரு எண் இறங்குவது ஒன்று, பத்து வருடம் கழித்துக் கண்ணும் கிட்னியும் தப்பிப்பது வேறொன்று. இரண்டாவதைப் பார்க்க இந்த மாதிரி ஆய்வுகள் போதாது.

அமெரிக்காவில் நர்ஸ்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்துவரும் பெரிய ஆய்விலிருந்து 2013-ல் இன்னொரு தகவல் வந்தது. பின்னாளில் சர்க்கரை வந்த 370 பேரையும் வராத 370 பேரையும் ஒப்பிட்டார்கள். முன்பே எடுத்து வைத்திருந்த சிறுநீரில் மெலடோனினின் கழிவுப்பொருளை அளந்தார்கள். இரவில் குறைவாகச் சுரந்தவர்களுக்கு, அதிகம் சுரந்தவர்களைவிடச் சர்க்கரை வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு அளவுக்கு இருந்தது. ஷிஃப்ட் மாறி மாறி ராத்திரி வேலை பார்த்த நர்ஸ்களுக்கு வருடம் ஏற ஏற சர்க்கரை வாய்ப்பும் ஏறியது என்று அதே ஆய்வுக் குடும்பத்திலிருந்து 2011-லேயே வந்திருந்தது. குறைந்த மெலடோனின்தான் காரணம் என்று இவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தூக்கம் கெட்டவர்களுக்கு வேறு ஆயிரம் சிக்கல் இருக்கும்.

இதுவரை படித்தவர்கள், 'சரி, குறைவாகச் சுரந்தால் கெடுதல் என்றால் மாத்திரையாகப் போட்டு நிரப்பிக்கொள்ளலாமே' என்று நினைப்பீர்கள். சித்தப்பாவும் அதையேதான் கேட்டார். கதை திரும்புகிற இடம் இது.

2009-ல் ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களை அலசிய மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. வெறும்வயிற்றுச் சர்க்கரை கூடுதலாக இருப்பதோடும் சர்க்கரை நோயோடும் தொடர்புடைய ஒரு மரபணு மாற்றம், எம்டிஎன்ஆர்1பி என்ற மரபணுவில் இருந்தது. அது மெலடோனின் உட்காரும் இரண்டு ஏற்பிகளில் ஒன்றைத் தயாரிக்கும் மரபணு. அந்த ஏற்பி பீட்டா செல்லிலும் இருக்கிறது. மெலடோனின் அங்கே போய் உட்கார்ந்தால் இன்சுலின் சுரப்பு குறைகிறது. ராத்திரி ஷிஃப்ட் சங்கு ஊதியாச்சு, இனி யாரும் சாப்பிட வரமாட்டார்கள், கடையைச் சாத்து என்று அர்த்தம். அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களின் பீட்டா செல்லில் ஏற்பி அதிகம், சங்கு கொஞ்சம் பலமாகவே கேட்கிறது. 2016-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு 45 பேருக்கு இரவில் 4 மில்லிகிராம் மெலடோனின் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தது. எல்லாருக்குமே இன்சுலின் சுரப்பு இறங்கியது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம்.

ஸ்பெயினில் 21 ஆரோக்கியமான இளம் பெண்களுக்கு 5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். காலையில் செய்தாலும் மாலையில் செய்தாலும், மாத்திரை போட்டபோது சர்க்கரை அதிகம் ஏறியது. மாத்திரையே வேண்டாம், சொந்தமாகச் சுரக்கும் மெலடோனினே போதும் என்பது 2022-ல் தெரிந்தது. ஸ்பெயினில் சாப்பாடு தாமதம் என்பது ஊரறிந்த விஷயம். அங்கே 845 பேரைப் படுக்கப் போகும் நேரத்துக்கு 4 மணி நேரம் முன்பு ஒருநாளும், 1 மணி நேரம் முன்பு இன்னொரு நாளும் குளுக்கோஸ் குடிக்கச் செய்தார்கள். தாமதமாகக் குடித்த நாளில் ரத்தத்தில் மெலடோனின் 3.5 மடங்கு அதிகம். இன்சுலின் குறைவாக வந்தது, சர்க்கரை கூடுதலாக நின்றது. அந்த மரபணு மாற்றம் இருந்தவர்களுக்குப் பாதிப்பும் கூடுதல்.

கடை சாத்துவதில் தப்பில்லை. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கும் உடம்புக்கு இன்சுலின் குறைவாகப் போதும். ஏழை வீடான பீட்டா செல்லுக்கும் ஓய்வு கிடைக்கிறது, அந்த ஓய்வுதான் மெலடோனினின் உண்மையான உபகாரம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். குறைவாகச் சுரந்தவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்பதும், மாத்திரை போட்டால் சர்க்கரை ஏறுகிறது என்பதும் அப்படிப் பார்த்தால் ஒன்றோடொன்று மோதவில்லை. சங்கு சரியான நேரத்தில் ஊதினால் நல்லது. கடை சாத்திய பிறகு பந்தி வைத்தால்தான் சிக்கல்.

இந்த இடத்தில் நான் சித்தப்பாவை ஒன்று கேட்டேன்.

"ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடுறீங்க?"

"சீரியல் முடிஞ்சு பத்து மணி ஆயிரும்."

"படுக்கறது?"

"பத்தரைக்கெல்லாம் படுத்தாச்சு. தூக்கம் வந்தாத்தானே."

அவர் கேட்ட கேள்விக்கான பதில் அதிலேயே இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போட்டால், சோறு உள்ளே போகும் நேரத்தில் பீட்டா செல் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பின்னால் போட்டாலும், அந்தச் சோற்றுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் நேரமும் மாத்திரை ஏறும் நேரமும் ஒன்றுதான். உடம்பு ஒரு ராத்திரி முழுக்கச் சுரப்பதே சில பத்து மைக்ரோகிராம்தான். 3 மில்லிகிராம் மாத்திரை என்றால் கிட்டத்தட்ட நூறு ராத்திரிச் சரக்கு ஒரே வாயில் போகிறது. தூக்கத்துக்காக டாக்டரே எழுதிக் கொடுத்தாலும், கடைசிச் சாப்பாட்டுக்கும் அதற்கும் இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருப்பது நல்லது.

டப்பாவைப் பற்றியும் சொன்னேன். அமெரிக்காவில் மெலடோனின் மருந்தாக அல்ல, சத்து மாத்திரைக் கணக்கில் கடையில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் 2007-ல் 2 மில்லிகிராம் மாத்திரையை 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் தூக்கமின்மைக்கு மருந்தாகவே அனுமதித்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கனடாவில் கடைகளில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. எட்டுத் தயாரிப்புகளில் செரடோனின் கலந்திருந்தது.

பேச்சோடு பேச்சாக, பிபிக்கு என்ன மாத்திரை என்று கேட்டேன். பழைய அட்டையைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மெட்டோப்ரோலால். அதுவும் அட்டினலாலும் பீட்டா பிளாக்கர் வகை. பினியலுக்கு ராத்திரியில் 'சுரக்கலாம்' என்று நரம்பு சொல்லும் உத்தரவை இவை மட்டுப்படுத்தும், சொந்த மெலடோனின் குறையும். சிலருக்குத் தூக்கம் கெடுவதில் இதற்கும் பங்கு உண்டு. உடனே நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, "அதை நீங்களா நிறுத்தாதீங்க சித்தப்பா, திடீர்னு நிறுத்துனா இதயத்துக்கு ஆபத்து" என்று இரண்டு முறை சொன்னேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களும், மனநோய்க்கு ஃப்ளூவாக்சமின் போடுகிறவர்களும் மெலடோனினைத் தொடும் முன் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும். ஃப்ளூவாக்சமின், கல்லீரல் மெலடோனினைச் சிதைப்பதைத் தடுத்து ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சீரியல எட்டு மணிக்கு மாத்தச் சொல்லி டிவிக்காரனுக்கு எழுதிப் போடறேன்" என்றார். புதன்கிழமை அவருக்குச் சர்க்கரை டாக்டரிடம் முறை. டப்பாவையும் பிபி மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவதாகச் சொன்னார். ஏழரை மணிக்கே சாப்பிட்டுவிட்டு சீரியல் பார்க்கலாமே என்று நான் சொன்னதற்குச் சித்தியைத்தான் கேட்க வேண்டுமாம்.